ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு உள்ளே ரத்தம் கசிந்தால்: டெல்டா வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கும் வலி. காலை நீட்டினால் தாங்க முடியவில்லை, மடக்கி வைத்தால் கொஞ்சம் தேவலை. வயலில் குனிந்து நிமிரும் ஊர்களில் இதற்கு இரண்டே பெயர்: வாய்வுப் பிடிப்பு, இல்லாவிட்டால் சுளுக்கு. எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள், அடங்கவில்லையென்றால் பக்கத்து கிளினிக்கில் இடுப்பில் ஒரு வலி ஊசி. அந்த ஆள் அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுபவராக இருந்தால் இந்த மூன்றுமே தவறு. வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிய தசைக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டிருக்கலாம். அங்கே ஒரு லிட்டருக்கு மேல் தேங்கினாலும் வெளியே ஒரு சொட்டு தெரியாது.

ரத்தத்தைக் கண்ணால் பார்க்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு நூறு கிலோமீட்டர் போல ஆகும். அந்தத் தூரத்தை ராத்திரியில் கடக்க வேண்டியவர்கள் அடையாளங்களை முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எந்த மாத்திரை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ‘ரத்தத்தை இளக்குற மாத்திரை’ என்றே சொல்கிறோம். உண்மையில் எதுவும் ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை, உறைவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஆபத்து நேரத்தில் சிகிச்சை மாத்திரைக்கு மாத்திரை மாறுவதால் மூன்று வகையாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை அசிட்ரோம் என்று கடையில் கிடைக்கும் அசினோகூமரால், மற்றும் வார்ஃபரின். உறைதலுக்கான சில முக்கியப் புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே வைத்துத்தான் தயாரிக்கிறது. அந்த வேலையை இவை தடுக்கின்றன. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்களும், வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி இதயத்துடிப்பு தாறுமாறானவர்களும் பெரும்பாலும் இந்த வகையில்தான் இருப்பார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று அளவு பார்க்கும் சோதனை பிடி ஐஎன்ஆர்; எண் ஏறினால் கசிவு அபாயமும் ஏறும். சாதாரணமாக இலக்கு 2 முதல் 3; மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் 2.5 முதல் 3.5.

இரண்டாவது வகை புதியவை: டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான். இவற்றுக்கு ஐஎன்ஆர் பார்ப்பதில்லை, பார்த்தாலும் அந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. உலோக வால்வு உள்ளவர்களுக்கு இவை ஆகாது. ‘சோதனை இல்லாத மாத்திரையா மாத்திக் குடுங்க’ என்று மருந்துக்கடையில் கேட்டு மாற்றிக்கொள்வது வால்வில் ரத்தக்கட்டி அடைத்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மூன்றாவது ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல். இவை ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒட்டுவதைத் தடுப்பவை. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு இவற்றோடு முதல் இரண்டு வகைகளில் ஒன்றும் சேர்ந்து ஓடினால் கசிவு அபாயம் பல மடங்கு. எத்தனை மாதத்துக்கு இந்தச் சேர்க்கை என்று இதய மருத்துவரிடம் தேதியோடு கேட்டு வாங்குங்கள். யாரும் நிறுத்தச் சொல்லாததால் வருடக்கணக்கில் மூன்றும் தொடர்வது அடிக்கடி நடக்கிறது.

இடையில் ஒன்று. ‘அது எலி மருந்தாமே’ என்ற பேச்சு டெல்டாவில் உண்டு. பாதி நிஜம். வார்ஃபரின் 1948-இல் அமெரிக்காவில் எலி கொல்லியாகத்தான் விற்பனைக்கு வந்தது, மனிதருக்கான மருந்தாக 1954-இல் அனுமதி பெற்றது. நெல் வயலில் எலி வளைக்குள் வைக்கும் புரோமடியோலோன் கட்டியும் அதே குடும்பம்தான், ஆனால் உடலில் வாரக்கணக்கில் தங்கும் மூர்க்கமான அண்ணன். ஆகவே இந்த மாத்திரை சாப்பிடுபவர் அந்தக் கட்டியைக் கையால் தொட வேண்டாம், வேறு யாராவது வைக்கட்டும். அதற்காக மாத்திரையைக் கண்டு பயந்து தானாக நிறுத்திவிடுவது பக்கவாதத்தைக் கூப்பிட்டுக்கொள்வது.

வீட்டில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில்: பெயர், வயது, எடை கிலோவில், ரத்தப் பிரிவு, எதற்காக மாத்திரை, ஐஎன்ஆர் இலக்கு, கடைசி ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின். எடை எதற்கு என்றால் கசிவை நிறுத்தத் தரும் மாற்று மருந்துகளில் சிலவும், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் கிலோ கணக்கில்தான் தரப்படும். கிரியேட்டினின் எதற்கு என்றால் டாபிகாட்ரானில் ஐந்தில் நான்கு பங்கு சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் சோர்ந்தால் அதே மாத்திரை உடலில் குவியும்.

அடுத்த பக்கங்களில் ஐஎன்ஆர் தேதி, அளவு, அன்று சொன்ன டோஸ். அசிட்ரோமில் ‘திங்கள் புதன் வெள்ளி 2, மற்ற நாள் 1’ என்பது போல டோஸ் மாறி மாறி வரும். கிழமை போட்டு எழுதாவிட்டால் குழப்பம் நிச்சயம். 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று பல பலங்களில் வருவதால், கடையில் ‘2 இல்லை, 4 இருக்கு, பாதியா உடைச்சுக்குங்க’ என்று கொடுத்தால் அட்டையிலேயே பேனாவால் ‘பாதி’ என்று எழுதிவிடுங்கள். கம்பெனி பெயர் வேறாக இருந்து உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கும் இரண்டு அட்டைகளைச் சேர்த்து விழுங்குவது இன்னொரு வழக்கமான விபத்து. பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்க்காமல், கீழே சின்னதாக அச்சிட்ட மருந்துப் பெயரைப் படியுங்கள்.

கால் நரம்பில் ரத்தக்கட்டி என்று ரிவராக்சபான் தொடங்கியவருக்கு முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 20 மில்லிகிராம் ஒரு வேளை. அபிக்சபானில் முதல் 7 நாள் 10 இரண்டு வேளை, பிறகு 5 இரண்டு வேளை. அந்த மாறும் நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். பழைய சீட்டைக் காட்டி அதே அளவை மறுபடி வாங்கித் தொடர்ந்தால் கசிவு தொடங்கலாம்.

ஐஎன்ஆர் சோதனையிலும் கவனம் வேண்டும். நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும்; உள்ளே இருக்கும் சிட்ரேட் திரவம் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. குறைவாக எடுத்தால் எண் உண்மையைவிட அதிகமாகக் காட்டலாம், அதை நம்பி டோஸைக் குறைத்தால் வால்வு அடைக்கும். எப்போதும் ஒரே லேபில் கொடுங்கள். எதிர்பாராத எண் வந்தால் டோஸைத் தொடுமுன் மறுபடி எடுத்துப் பார்ப்பது நல்லது.

எது கசிவுக்குத் தள்ளிவிடுகிறது

பட்டியலில் முதலிடம் வலி மாத்திரைக்கு. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எல்லாம் இரைப்பையில் புண் உண்டாக்கும், தட்டணுக்களையும் முடக்கும். நடவு முடிந்த ராத்திரி மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் நாலு மாத்திரைப் பொட்டலத்தில் இவற்றில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். பாராசிட்டமால்தான் சரி. அதையும் நாளைக்கு 2 கிராமுக்கு மேல் பல நாள் தொடர்ந்தால் ஐஎன்ஆர் ஏறும்.

ஊசிக்கு அடுத்த இடம். தசையில் போடும் எந்த ஊசியும் புட்டத்துக்குள் ரத்தக்கட்டியாக வீங்கலாம். ‘ஊசி போட்டாத்தான் கேக்கும்’ என்று நாமே கேட்டு வாங்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. கிளினிக்கில் கையை நீட்டுமுன் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

அசிட்ரோம், வார்ஃபரினோடு மோதும் ஆன்டிபயாடிக்குகளில் மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின் மூன்றும் முக்கியம். பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோலும், வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைகோனசோல் களிம்பும்கூட ஐஎன்ஆரை ஏற்றும். வயிற்றுப்போக்குக்குச் சாதாரணமாகக் கொடுப்பதே மெட்ரோனிடசோல்தான். போதாக்குறைக்கு வயிற்றுப்போக்கில் சாப்பாடும் இறங்காது, வைட்டமின் கே உள்ளே போகாது. கஞ்சி மட்டும் குடித்துக் கிடந்த நாலைந்து நாளில் ஐஎன்ஆர் 3-லிருந்து 6, 7-க்குப் போய்விடலாம். ஆன்டிபயாடிக் தொடங்கினால் 3 முதல் 5 நாளுக்குள் ஒரு ஐஎன்ஆர். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர், எண்ணை இறக்கிவிடும். அதை ஈடுகட்ட டோஸை ஏற்றியிருந்து, காசநோய் மருந்து முடிந்த பிறகு பழைய அளவுக்கு இறக்காமல் விட்டால் கசிவு வரும்.

கீரையை நிறுத்த வேண்டியதில்லை. முருங்கை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி எதுவானாலும் வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடுகிறீர்களோ அதையே ஒரே சீராகத் தொடருங்கள். புரட்டாசியிலும் மாலை போட்டிருக்கும் நாட்களிலும் கறிமீனுக்குப் பதில் தினமும் கீரை ஏறும். விரதம் முடிந்ததும் சட்டென்று நிற்கும். மாத்திரை அதே அளவில் இருக்க, எண் மட்டும் எகிறும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வரும். தட்டணு 50,000-க்குக் கீழே போகும்போது இந்த மாத்திரை தொடரலாமா என்பதை மருத்துவர் அன்றன்றைக்கு முடிவு செய்ய வேண்டும். காய்ச்சல் என்று போனால் மாத்திரை விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கண்ணாடி விரியன் கடித்தாலும் அப்படியே: அதன் விஷமே உறைதலைக் குலைக்கும், மாத்திரை அதற்குமேல் பாரம்.

உடம்பின் எந்த இடம், என்ன அடையாளம்

தலை. வழக்கத்தில் இல்லாத கடும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், அதிகத் தூக்கம். மழையில் வழுக்கும் வரப்பு, பாசி பிடித்த குளத்துப் படி, டூவீலர் பின்சீட் என்று தலையில் அடிபட டெல்டாவில் வழிகள் பல. தலையில் அடிபட்டால், ஆள் நன்றாகப் பேசினாலும், நெற்றியில் வீக்கமே இல்லாவிட்டாலும் சிடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். முதல் ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் அடுத்த 24 மணி நேரம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு மூளை உறைக்குக் கீழே மெல்லக் கசிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தெரியும்: நடையில் தடுமாற்றம், மறதி, நாள் முழுக்க உறக்கம். ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம். பழைய சம்பவம் என்று ஒதுக்காமல், விழுந்த தேதியைச் சொல்லுங்கள்.

வயிறும் குடலும். மலம் தார் போலக் கருப்பாக, பிசுபிசுவென்று ஒட்டி, தண்ணீர் ஊற்றினாலும் சுலபமாகப் போகாமல், அழுகல் நாற்றத்தோடு இருந்தால் மேல் குடலில் ரத்தம். இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கும், ஆனால் அது கெட்டியாக, கரும்பச்சை சாயலில் இருக்கும், அந்த நாற்றம் இருக்காது. காப்பித்தூள் கரைசல் போன்ற வாந்தியும் ரத்தமே. ‘சூடு’ என்று மோர் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. வெற்றிலை போடுபவர்கள் விஷயத்தில் ஒரு சிக்கல்: ஈறு கசிவும் சளியில் வரும் ரத்தமும் வெற்றிலைச் சாற்றில் மறைந்துவிடும். காலையில் பல் விளக்கி, வெற்றிலை போடுமுன் ஒரு தரம் துப்பிப் பாருங்கள்.

வயிற்றுக்குப் பின்புறம். தொடக்கத்தில் சொன்ன வலி. கூடவே விலா அல்லது இடுப்பில் நீலம் பாய்ந்தால் ரத்தம் ஏற்கெனவே நிறைய இறங்கியிருக்கிறது. தொடை முன்புறம் மரத்துப்போவதும் உண்டு.

பெண்களுக்கு. வாதக் காய்ச்சல் வால்வு நோய் இளம் பெண்களிடம் நிறைய. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். தீட்டு வருவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு அடிவயிற்றில் திடீர் வலியும் மயக்கமும் வந்தால், சினைப்பை நீர்க்கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் இறங்கியிருக்கலாம். இதைத் தீட்டு வலியாக எண்ணிப் படுத்துவிடுவது ஆபத்து. நாள் தள்ளிப்போனால் மறுநாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும், கருவுக்கு வார்ஃபரின் வகை கேடு.

கை கால். அடிபட்ட கெண்டைக்காலோ முன்கையோ கல் போல இறுகி, விரலை அசைத்தால் உயிர் போகும் வலி என்றால் தசை உறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. சில மணி நேரத்தில் அந்தக் கையோ காலோ போய்விடலாம்.

இடம் தெரியாமலே மொத்த உடம்பும் காட்டும் குறிகள்: எழுந்து நின்றால் தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, வெளிறிய நாக்கு, சிறுநீர் குறைவது. வீட்டில் பிபி கருவி இருந்தால் படுத்தும் நின்றும் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் உடனே கிளம்ப வேண்டும். நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டுவது கெட்ட அறிகுறி. ஆனால் இந்த நோயாளிகளில் பலர் நாடியை மெதுவாக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரையும் சாப்பிடுவதால், ரத்தம் வடிந்துகொண்டிருக்கும்போதும் நாடி 70-லேயே நிற்கும். நாடி சரியாக இருக்கிறது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இவற்றில் சேராதவை மூக்கில் சொட்டு, பல் ஈறு, சவரக் காயம். மூக்கில் சொட்டினால் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டால் மாத்திரையை நிறுத்தாமல் மறுநாள் ஐஎன்ஆர் மட்டும் பாருங்கள். நிற்காவிட்டால் கிளம்புங்கள்.

சந்தேகம் வந்த முதல் பத்து நிமிடம்

அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காதீர்கள். 108-க்கு அடித்து மூன்றே தகவல்: உறையாமை மாத்திரை சாப்பிடுபவர், இப்போது என்ன அறிகுறி, எந்த ஊர் எந்த அடையாளம். படுக்க வையுங்கள், மயக்கமாக இருந்தால் காலுக்குக் கீழே தலையணை, தலையில் அடி என்றால் காலை உயர்த்தாமல் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள், வாந்தி வந்தால் இடது பக்கமாக ஒருக்களியுங்கள். வாய் வழியாக எதுவும் வேண்டாம், தண்ணீர்கூட. உள்ளே குழாய் விட்டுப் பார்க்கவோ அறுவை செய்யவோ வேண்டியிருக்கலாம்.

வாய் கோணுகிறது என்று ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள்; மூளையில் அடைப்பா கசிவா என்று சிடி பார்க்காமல் யாருக்கும் தெரியாது. நீவுவது, ஒத்தடம், தசை ஊசி, மூன்றும் கூடாது. வைட்டமின் கே ஊசியையும் கிளினிக்கில் தசையில் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள்.

பையில் நோட்டு, எல்லா மாத்திரை அட்டைகளும், பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ரத்தம் கொடுக்கக்கூடிய இருவர் பின்னாலேயே வரட்டும். எங்கே போவது என்பதைத் தூரம் மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ராத்திரியில் சிடி, ரத்த வங்கி இரண்டும் ஓடும் இடம் வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உங்கள் ஊருக்கு எது வாகு, எந்தச் சாலை என்பதை நல்ல நாளிலேயே பேசி வையுங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கச் சாலைகள் மரம் விழுந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஐப்பசி பிறக்குமுன் ஒரு மாத மாத்திரை கையிருப்பும், புதிதாக எடுத்த ஒரு ஐஎன்ஆரும் இருக்கட்டும்.

மருத்துவமனையில்

வாசலில் ‘அப்பா மாத்திரையெல்லாம் சரியா சாப்பிடுறாங்க’ என்று சொன்னால் பயனில்லை. இப்படிச் சொல்லுங்கள்: “டாக்டர், அப்பாவுக்கு வால்வு ஆபரேஷன் ஆகியிருக்கு. அசிட்ரோம் 2 மில்லிகிராம், கடைசியா நேத்து ராத்திரி எட்டு மணிக்கு. போன மாசம் ஐஎன்ஆர் 2.8. சாயங்காலத்திலேருந்து மலம் கருப்பா போகுது.” கடைசி வேளையின் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், புதிய மாத்திரைகள் விழுங்கி இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் வந்தவருக்குக் கரித்தூள் கொடுத்து உறிஞ்சவிடாமல் தடுக்க வாய்ப்பு உண்டு.

ஹீமோகுளோபின் முதலில் நன்றாகவே இருக்கும். ரத்தம் முழுசாகத்தானே வெளியேறுகிறது. மிச்சமிருப்பது நீர்க்க மணிக்கணக்காகும். ‘11 இருக்கு, பயமில்லை’ என்று கேட்டு வீட்டுக்குக் கிளம்பாமல், சில மணி நேரம் கழித்து இன்னொன்று எடுக்கும்வரை இருங்கள். ஐஎன்ஆர் 2.5 என்று இலக்குக்குள் இருந்தாலும் கசிவு இல்லை என்று பொருளல்ல.

அசிட்ரோம், வார்ஃபரின் கசிவுக்கு வைட்டமின் கே 5 முதல் 10 மில்லிகிராம், சலைனில் கலந்து நரம்பில் 20 முதல் 30 நிமிடம் மெதுவாக இறங்கும். வேகமாகப் போனால் ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம். அது முழுமையாக வேலை செய்ய 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும் என்பதால், அதுவரை தாக்குப்பிடிக்க உறைதல் புரதங்களை நேரடியாகத் தர வேண்டும். நல்ல வழி புரோத்ராம்பின் காம்ப்ளக்ஸ் என்ற தூள் மருந்து: ஐஎன்ஆரைப் பொறுத்துக் கிலோவுக்கு 25 முதல் 50 யூனிட், கால் மணி அரை மணியில் பலன். எல்லா இடத்திலும் கையிருப்பு இருக்காது. இல்லாவிட்டால் குளிரில் உறையவைத்த பிளாஸ்மா, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி. 60 கிலோ ஆளுக்கு மூன்று நான்கு பை. உருக்கவே அரை மணி நேரமாகும். அவ்வளவு திரவம் பலவீனமான இதயத்துக்குப் பாரம், எனவே ஏற்றும்போது மூச்சிரைத்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

டாபிகாட்ரானுக்கு இடாருசிசுமாப் 5 கிராம் தனி மாற்று மருந்து, டயாலிசிஸும் ஓரளவு உதவும். மற்ற இரண்டு புதிய மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் அந்தப் புரோத்ராம்பின் தூள்தான். புதிய மாத்திரைகளில் எதற்கும் வைட்டமின் கே பயன்படாது.

கசிவே இல்லாமல் ஐஎன்ஆர் மட்டும் 4.5 முதல் 10 என்று வந்தால் இத்தனை ஆர்ப்பாட்டம் தேவையில்லை. பொதுவாக ஒன்றிரண்டு வேளையை விட்டு மறுபடி பார்ப்பார்கள். உலோக வால்வு உள்ளவருக்குத் தேவையில்லாமல் பெரிய அளவு வைட்டமின் கே ஏற்றினால் பிறகு பல நாள் மாத்திரை பிடிக்காது, வால்வு அடைக்கும் பயம். உயிருக்கு ஆபத்தான கசிவு என்றால் அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

மறுபடி தொடங்குவது

ரத்தம் நின்றதும் குடும்பத்தில் இரண்டு கட்சி உருவாகும்: இனி அந்த மாத்திரையே வேண்டாம் என்பவர்கள், நாளைக்கே போட்டுவிடலாம் என்பவர்கள். குடல் கசிவுக்குப் பிறகு பெரும்பாலும் ஒரு வாரம் கடந்ததும், மூளைக் கசிவுக்குப் பிறகு பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரத்திலும் தொடங்குவதைப் பற்றிப் பேசுவார்கள். உலோக வால்வு உள்ளவருக்கு அவ்வளவு நாள் விட முடியாது. சட்டென்று நிறுத்தக்கூடிய ஹெபாரின் என்ற உறையாமை மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றி ஆரம்பித்துப் பார்ப்பார்கள். இரைப்பைப் புண் காரணமென்றால் அமிலத்தைக் குறைக்கும் பாண்டோப்ரசோலும், ஹெச் பைலோரி கிருமிச் சோதனையும் கேளுங்கள்.

கிளம்பும் நாளில் டிஸ்சார்ஜ் சீட்டில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று வார்டிலேயே படித்துப் பாருங்கள்: எந்தத் தேதியில் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், முதல் ஐஎன்ஆர் என்றைக்கு, அதை யாரிடம் காட்டுவது. ஒன்று விடுபட்டிருந்தாலும் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.